செருப்பும் தக்களியும்

வெள்ளலூர் என்றால் இன்றைய கோவைக்காரர்களுக்கு மாநகராட்சியின் குப்பைக் கிடங்குதான் முதலில் நினைவுக்கு வரும். 1842இல் அதே ஊரில் மண்ணுக்கடியிலிருந்து 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் மொத்தமாக வெளிவந்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற முதல் இரண்டு பேரரசர்களின் காசுகள்தான் அவற்றில் மிகுதி. கொங்குநாட்டில் இப்படி அகப்பட்ட புதையல்கள் இன்னும் பல உண்டு. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து நொய்யல் கரையோடு கரூருக்குப் போன பழைய வணிகப் பாதையில் காசு சிதறிக் கிடந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

டைபீரியஸ் காசு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் நம் பழைய நாலணாக் காசின் அகலம்தான் இருக்கும். எடை நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைக்கு இதன் பெயர் டெனாரியஸ். அடித்த இடம் இன்றைய பிரான்ஸின் லியோன் நகரம். ஒரு பக்கம் பேரரசரின் தலை. எனக்குப் பிடித்தது தலையல்ல, பூ. பூ விழும் பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் செங்கோல், மறு கையில் ஒரு கிளை. அமைதித் தெய்வம் என்று சிலர் சொல்கிறார்கள். டைபீரியஸின் தாய் லிவியாவையே தெய்வமாக வடித்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலோர் கணிப்பு. ஆக, ரோமிலிருந்து கொங்குநாட்டுக்கு நூற்றுக்கணக்கில் வந்து இறங்கியவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. வாங்கினவர்கள் வெள்ளியின் தரத்தை உரசிப் பார்த்திருப்பார்களே தவிர, இந்த அம்மாள் யார் என்று விசாரித்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காசு புழக்கத்துக்கு வந்த காலத்தில் ரோமானியப் படையின் காலாள் ஒருவனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 டெனாரியஸ். வெள்ளலூர்ப் புதையல் அவனுடைய இரண்டு வருஷச் சம்பளத்தைவிட அதிகம். சாப்பாடு, உடுப்பு, செருப்பு எல்லாவற்றுக்கும் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். மிச்சத்தை அவன் யாரிடம் கொடுத்தான்? வீட்டுக்காரியிடம் என்று நாம் சொல்லுவோம். ரோமானியச் சட்டம் அதை ஒத்துக்கொள்ளாது. அகஸ்டஸ் காலம் முதல் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கடைசி வரை சாதாரணச் சிப்பாய் பணியில் இருக்கும்போது சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. இருபது, இருபத்தைந்து வருஷம் படையில் கழித்துவிட்டு வெளியே வந்தபிறகுதான் குடும்பம். தளபதிகளுக்கு மட்டும் விலக்கு.

சட்டப் புத்தகத்தைப் படித்தவர்கள் கோட்டைக்குள் பெண்ணே இல்லை என்று முடிவு கட்டினார்கள். வெகுகாலம் ஆய்வாளர்களும் அப்படியேதான் எழுதிவந்தார்கள். தோண்டும்போது கொண்டையூசி கிடைத்தால், "பிற்காலத்தில் யாரோ போட்டது" என்று ஓரம் கட்டினார்கள்.

அந்த முடிவைக் கவிழ்த்தது செருப்பு.

இங்கிலாந்தின் வடகோடியில், பின்னாளில் ஹேட்ரியன் சுவர் எழும்பிய இடத்துக்குச் சற்றுத் தெற்கே விண்டோலண்டா என்ற ரோமானியக் கோட்டை இருந்தது. மரத்தால் கட்டிய கோட்டையை இடித்து, மேலே களிமண்ணையும் புல்கரணையையும் பரப்பி, அதன்மீது அடுத்த கோட்டையைக் கட்டுவார்கள். இப்படி அடுக்கடுக்காக மூடியதில் அடிமண்ணில் ஈரம் தங்கிவிட்டது, காற்று புகவில்லை. காற்று இல்லாத இடத்தில் தோலையும் மரத்தையும் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்யாது. அதனால் அங்கே கிடைத்த தோல் செருப்புகள் மட்டும் 5,000க்கும் மேல்.

செருப்புக்கு அளவு உண்டு. சிறிய அளவுச் செருப்பைப் பெண்ணுடையது என்று உடனே சொல்லிவிட முடியாது, வளரும் பையனுடையதாகவும் இருக்கலாம். ஆனால் கைக்குள் அடங்குகிற குழந்தைச் செருப்பைப் பற்றி வாதாட இடமே இல்லை. தவழும் வயதில் எந்தப் படையும் ஆள் எடுக்காது. அந்தச் சின்னச் செருப்புகள் தளபதி வீட்டில் மட்டும் அகப்பட்டிருந்தால் சட்டத்துக்குப் பங்கமில்லை. அவை சிப்பாய்கள் படுத்துறங்கிய கொட்டடிகளின் தரையிலும் கிடந்தன. பிள்ளை இருந்தால் அதைப் பெற்றவளும் இருந்திருப்பாள்.

1973இல் இதே கோட்டையில் ராபின் பர்லி என்ற ஆய்வாளர் மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். நம் ஓலைக்கு ஈடு என்று வைத்துக்கொள்ளலாம், இன்னும் மெல்லியது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அதில் ஒன்று கி.பி. 100ஐ ஒட்டியது. பக்கத்துக் கோட்டைத் தளபதியின் மனைவி கிளாடியா செவேரா, விண்டோலண்டா தளபதியின் மனைவி சுல்பிசியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். நாள் செப்டம்பர் 11. தன் புருஷனும் சின்னப் பையனும் விசாரித்ததாகவும் சொல்கிறாள். கடிதத்தின் பெரும்பகுதி தேர்ந்த எழுத்தரின் கையெழுத்து. கடைசி நாலைந்து வரி மட்டும் வேறு கை, கொஞ்சம் கோணல்மாணலாக. கூட்டாளியிடம் வாஞ்சையோடு விடைபெறும் அந்த வரிகளை செவேராவே எழுதியிருக்கிறாள். லத்தீனில் ஒரு பெண் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று.

அதே மண்ணில் கிடைத்த ஒரு கணக்குச் சீட்டில், கேம்பாக்ஸ் என்ற சிப்பாய் பெயருக்கு நேரே மிளகு, 2 டெனாரியஸ் என்று இருக்கிறது. சேரநாட்டு மிளகு பனி கொட்டுகிற அந்த எல்லைக்கோட்டை வரை போயிருக்கிறது. அதை அம்மியில் அரைத்தது யார் என்பது சீட்டில் இல்லை.

பெனலோப்பி ஆலிசன் என்ற ஆய்வாளர் ஜெர்மனியிலிருந்த ரோமானியக் கோட்டைகளின் பழைய அகழாய்வு அறிக்கைகளை எடுத்துவைத்துக்கொண்டு, கொண்டையூசி, மணி, தக்களி, சின்ன மோதிரம் எல்லாம் எந்த அறையில், எந்தத் தெருவில் விழுந்து கிடந்தன என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார். ஒற்றை ஊசியை நம்ப முடியாது, சிப்பாயும் கிழிசலைத் தைத்துக்கொள்வான். பலவகைப் பொருள்கள் ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்தால்தான் பேச்சு. புள்ளிகள் கோட்டைக்கு உள்ளேயே, தெருவோரங்களிலும் குடியிருப்புகளிலும் கூட்டம் கூட்டமாக விழுந்தன. ஒரு புதுக்குழிகூடத் தோண்டாமல் செய்த கண்டுபிடிப்பு இது.

இந்தக் கண்ணோடு நொய்யலுக்குத் திரும்பலாம்.

திருப்பூரிலிருந்து நொய்யலோடு கிழக்கே போனால், ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம், ஆற்றின் வடகரையில் கொடுமணல். ஈரோடு மாவட்டம், பெருந்துறை வட்டம். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறகு மற்றவர்களும் பலமுறை தோண்டியிருக்கிறார்கள். எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் பெயர்கள் இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டவை. ஊர் மேடு ஏறக்குறைய 50 ஏக்கர், அதை ஒட்டிய இடுகாடு அதைப்போல் இரண்டு மடங்கு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு வாக்கிலிருந்து எழுநூறு, எண்ணூறு வருஷம் ஓய்வில்லாமல் இயங்கிய தொழிலூர். சென்னிமலைப் பக்கத்து இரும்புக்கல்லை உருக்கிய உலைகள், எஃகு செய்த மூசைகள், படியூரின் பச்சைக்கல், சிவன்மலையின் நீலக்கல், படிகம், குஜராத்திலிருந்து வந்த சூதுபவளம் இவற்றையெல்லாம் உடைத்து, தீட்டி, துளையிட்டு மணியாக்கிய பட்டறைகள் இங்கே இருந்தன. பாதி துளைத்து விரிசல்விட்டதால் வீசியெறிந்த மணிகளும் கிடைத்திருக்கின்றன.

கொடுமணல் படைக்கோட்டையல்ல. ஆனாலும் இதைப் பற்றிப் படிக்கும்போது நம் மனக்கண்ணில் வருவதெல்லாம் ஆண்கள்தான். துருத்தி ஊதும் கொல்லன், கல் தீட்டுகிறவன், மாடுகளை ஓட்டிவரும் வணிகன். தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானையோடுகள் 500க்கும் மேல் அங்கே கிடைத்திருக்கின்றன. கண்ணன் ஆதன், பண்ணன், சுமணன் என்று பெயர்களை அடுக்கிப் பார்த்தால் ஆண்களின் சந்தை போலத்தான் இருக்கிறது.

பெயரை நம்பலாமா? கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையத்தில், புகழூருக்குப் பக்கத்தில், ஆறுநாட்டார்மலை இருக்கிறது. சமண முனிவர்களுக்காக அங்கே பாறையில் படுக்கை வெட்டிக்கொடுத்தவர்களின் பெயர்களைப் பொறித்துவைத்திருக்கிறார்கள். சேர இளவரசன் உண்டு, கரூர்ப் பொன் வாணிகன் உண்டு, எண்ணெய் வாணிகன் உண்டு. கூட ஒரு பெயர் கீரன் நோறி. கீரன் என்றதும் நக்கீரன்தான் நினைவுக்கு வரும், ஆண் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஆனால் அந்தப் பெயருக்கு முன்னால் பிடன் என்பவரின் குறுமகள் என்று வெட்டியிருக்கிறது. ஓர் இளம்பெண், தன் பெயரில் பள்ளி அமைத்துக்கொடுத்திருக்கிறாள். அந்த ஒரு சொல் இருந்த இடத்தில் பாறை கொஞ்சம் பெயர்ந்திருந்தால் அவள் இன்றைக்கு ஆண்கள் பட்டியலில் இருப்பாள். கொடுமணல் ஓடுகளில் உள்ளது பெரும்பாலும் வெறும் பெயர்தான். மகள் என்ற சொல்லைத் தாங்கிய துண்டு எந்தக் குழியின் ஓரத்தில் உடைந்துபோனதோ.

எனவே எழுத்தை விட்டுவிட்டு நானும் சின்னச் சாமான்களுக்கே வருகிறேன். கொடுமணலில் சங்கு வளையல் துண்டுகளும் சுடுமண் தக்களிகளும் கிடைத்திருக்கின்றன. ஒரு தக்களியின் நடுத்துளையில் இரும்புக் கம்பி செருகியபடியே இருந்தது. அந்தக் கம்பி இருப்பது பெரிய விஷயம். வெறும் துளை போட்ட வட்ட ஓடு என்றால் அது தக்களியா, பிள்ளைகள் விளையாடிய சில்லா, வலையில் கட்டிய கனமா என்று தகராறு வரும். கம்பியோடு இருந்தால் தகராறில்லை.

என் அம்மிச்சி அவிநாசிப் பக்கத்து ஆதாரப் பள்ளியில் படித்தவர். தக்களி பாடம் இருந்த காலம். திருப்பூர்தான் தமிழ்நாட்டுக் கதர் வேலைக்குத் தலைமையிடமாக இருந்தது. "நூல் அத்துப்போனா வாத்தியார் முட்டியிலயே போடுவாருங்க" என்று எண்பது வயதிலும் எங்கள் அப்பாவிடம் மருமகனுக்குரிய மரியாதையோடு சொல்லிக்கொண்டிருப்பார். பஞ்சுத் திரியும் தக்களியும் இல்லாமல், வெறும் காற்றிலேயே இடது கையை உயர்த்தி வலது கை விரல்களைச் சொடுக்கிக் காட்டுவார். எழுபது வருஷம் கழித்தும் விரலுக்கு அது மறக்கவில்லை.

தக்களி செய்கிற வேலை எளிது போலத் தெரியும். பஞ்சிழை ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டுமானால் முறுக்கு ஏற வேண்டும். கம்பியை விரலால் சுண்டிவிட்டால் சுழலும், ஆனால் உடனே நின்றுவிடும். கீழே ஒரு வட்ட வில்லையைச் செருகினால், பம்பரம் போல அதன் எடை சுழற்சியைத் தாக்குப்பிடிக்க வைக்கும். வில்லை அகலமாகவும் கனமாகவும் இருந்தால் மெதுவாக, நெடுநேரம் சுழலும். நீளமான ஆட்டு ரோமத்துக்கும் தடித்த நூலுக்கும் அது சரி. சின்னதாக, லேசாக இருந்தால் விறுவிறு என்று சுழன்று நிறைய முறுக்கு ஏற்றும். குட்டை இழைப் பருத்திக்கு அதுதான் வேண்டும், கனமானதைக் கட்டினால் நூல் தாங்காமல் அறுந்துவிடும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய நூல் மக்கிப் போயிருக்கும். ஆனால் வில்லையைத் தராசில் வைத்தால் அந்த நூல் சன்னமா தடியா என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து மீட்டர் நீளம், 110 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சேலை. சென்டிமீட்டருக்குப் பாவில் 20 இழை, ஊடையில் 20 இழை. பாவுக்கு 11 கிலோமீட்டர் நூல், ஊடைக்கு இன்னொரு 11. மொத்தம் 22 கிலோமீட்டர். காந்திபுரத்தில் நுனியைக் கட்டிவிட்டுப் பிரித்துக்கொண்டே போனால் சூலூரையும் தாண்டிவிடும். கைத்தக்களியில் மணிக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 440 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேறு வேலையே பார்க்காமல் நூற்றால் 55 நாள். எட்டு மணி நேரம் யார் கொடுத்தது? சமையல், தண்ணீர், பிள்ளை, காடு என்று போக மிஞ்சும் பொழுதில்தான் நூற்றிருக்க வேண்டும். தறியில் ஒருவர் நெய்ய, அவருக்கு நூல் கொடுக்கப் பல பேர் நூற்க வேண்டியிருக்கும். ஏடுகளில் பேசப்படுவது வணிகர்கள் கட்டி அனுப்பிய துணி. அதற்குப் பின்னால் இருந்த மணிக்கணக்கு ஏட்டில் ஏறவில்லை.

அந்த மணிக்கணக்கு பெண்களுடையதுதானா? சங்கப் பாடல்களில் பருத்திப் பெண்டிர் வருகிறார்கள், புருஷனை இழந்து நூற்றுப் பிழைத்த பெண்களும் வருகிறார்கள். அந்தச் சாட்சி நம்மிடம் இருப்பதால் துணிந்து சொல்லலாம். சாட்சி இல்லாத இடத்தில் துணியக் கூடாது. இரண்டாயிரம் வருஷம் கழித்து யாரோ காந்தியின் சேவாகிராமத்தைத் தோண்டிவிட்டு, "ஏகப்பட்ட தக்களி, இங்கே குடியிருந்தவர்கள் பெண்கள்" என்று அறிக்கை எழுதினால் எப்படியிருக்கும்?

இப்படிப்பட்ட அறிக்கை நிஜமாகவே எழுதப்பட்டதுண்டு, தலைகீழாக. சுவீடனின் பிர்கா என்ற இடத்தில் வாளும் அம்பும் குதிரைகளுமாகப் புதைத்த ஒரு வைக்கிங் வீரரின் கல்லறையை நூறு வருஷத்துக்கும் மேல் ஆணுடையது என்றே சொல்லிவந்தார்கள். ஆயுதம் இருந்தால் ஆண் என்பதுதான் காரணம். 2017இல் மரபணுவைப் பார்த்ததில் உடல் பெண்ணுடையது என்று தெரிந்தது. கொடுமணலில் ஒரு கல்லறையில் 2,200க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. கேட்டவுடன் "எந்த மகராசியுடையதோ" என்றுதான் வாயில் வருகிறது. அடக்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஆண்களும் மணி கோத்து அணிந்தார்கள், அந்த இடுகாட்டுக் கல்லறைகளில் மணியும் உண்டு, இரும்பாயுதமும் உண்டு. எலும்பு மக்கிப்போனாலும் பல் மிஞ்சும். பல்லின் மேற்பூச்சில் தங்கியிருக்கும் ஒரு புரதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சற்று வேறுபடும். இப்போது அதைப் பிரித்துப் படிக்கும் முறை வந்துவிட்டது. நம் பக்கத்துப் பழைய கல்லறைப் பற்களுக்கும் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

மணியை அணிந்தவர்களில் பெண்கள் இருந்தார்கள் என்பதற்கு ரோமிலேயே ஒரு முணுமுணுப்பு பதிவாகியிருக்கிறது. முதல் நூற்றாண்டு எழுத்தாளர் பிளினி, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அரேபியாவுக்கும் வருஷத்துக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறது, நம் ஆடம்பரத்துக்கும் நம் பெண்களுக்கும் ஆகும் செலவு இது என்று புலம்பினார். நாலு செஸ்டர்ஸ் ஒரு டெனாரியஸ். இந்தியாவிலிருந்து வரும் பச்சைக்கல்லைப் பற்றியும், அதை அறுகோணமாகத் தீட்டுவதைப் பற்றியும் அவரே எழுதியிருக்கிறார். காங்கேயம் பக்கத்துப் படியூரில் அந்தக் கல் விளைந்தது, 1819-20இல்கூட வெள்ளைக்காரர்கள் அங்கே தோண்டிக் கல் எடுத்தார்கள்.

வெள்ளலூர்க் காசில் உட்கார்ந்திருந்த லிவியாவை விட்டுவிட்டேனே. அவள் கணவர் அகஸ்டஸ் வீட்டில் உடுத்திய துணி பெரும்பாலும் மனைவி, சகோதரி, மகள், பேத்திகள் கையால் ஆனது என்று அவர் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார். அரசியல் விளம்பரத்துக்காகவும் இருக்கலாம். எப்படியானாலும் உலகத்தின் பாதியை ஆண்டவர் வீட்டிலும் நூற்பது பெண்ணுக்கு மரியாதை தரும் வேலை என்றே காட்டிக்கொண்டார்கள்.

அந்த மரியாதையைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் விண்டோலண்டாவுக்குக் கிழக்கே, கடலோரத்து சவுத் ஷீல்ட்ஸ் கோட்டைக்குப் போக வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்தவர் பராத்தெஸ். ஊர் சிரியாவின் பல்மைரா, இந்தியச் சரக்கைப் பாலைவனம் கடத்திவிட்டுப் பணம் சேர்த்த ஊர். அவர் தன் அடிமையாக வைத்திருந்து, விடுதலை செய்து, கல்யாணம் செய்துகொண்ட பெண் ரெஜினா, பிரிட்டனின் தெற்குப் பக்கத்துக் கட்டுவெல்லோனி குலத்தவள். முப்பது வயதில் இறந்துபோனாள். பராத்தெஸ் அவளுக்கு ஒரு கல் நட்டார். மேலே லத்தீனில் முறைப்படி பெயர், குலம், வயது. அதற்குக் கீழே, அந்தக் கோட்டையில் அநேகமாக வேறு யாருக்கும் படிக்கத் தெரியாத தன் ஊர் எழுத்தில், ஐயோ என்று முடியும் ஒற்றை வரி.

கல்லில் ரெஜினா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், காசில் லிவியா உட்கார்ந்திருப்பது போலவே. முகம் சிதைந்துபோய்விட்டது. மடியில் பிடித்திருக்கும் கம்பளி சுற்றிய கோலும் தக்களியும், காலடியில் நூலுருண்டைகள் நிறைந்த கூடையும் அப்படியே இருக்கின்றன.